என் முதல் கட்சிக்காரி

சட்டம் படித்து முடித்தாயிற்று, வக்கீலாகப் பதிவு செய்தாயிற்று, கறுப்புக் கோட்டும் தைத்தாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு போக ஓர் இடம்தான் இல்லை. எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் இரண்டு கோட்டுகள் தொங்கின. ஒன்று என்னுடையது, மற்றது என் அறைத்தோழியுடையது. காலையில் கண்ணைத் திறந்தால் முதலில் அவைதான் தெரியும். ‘ஏம்மா, இன்னிக்காவது எங்கள வெளிய கூட்டிட்டுப் போவீங்களா’ என்று கேட்கிற மாதிரியே இருக்கும். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அறைத்தோழிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கல்லூரி மொத்தத்துக்கும் அவள் ஆட்சேபணை. முதல் வருட மாதிரி நீதிமன்றத்தில், நீதிபதியாக உட்கார்ந்த பேராசிரியர் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லித் தொடங்கினார். இவள் விருட்டென்று எழுந்து “ஆட்சேபணை” என்றாள். அப்போது மதியம் ஆகிவிட்டிருந்தது, அதுதான் காரணம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பட்டம் வாங்கிய பிறகும் போகவில்லை.

இருவரும் சேர்ந்து வேலை தேடினோம். தேடினோம் என்று சொல்வதைவிட, நாயாய்ப் பேயாய் அலைந்தோம் என்பதே சரி. ஒரு பெரிய வக்கீல் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, அப்பா வக்கீலா என்பது. இல்லை என்றேன். அப்படியானால் மாமனாராவது வக்கீலாக வருகிற உத்தேசம் ஏதாவது உண்டா என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். இன்னொருவர் சம்பளம் கிடையாது, அனுபவம்தான் சம்பளம் என்றார். மூன்றாவது ஆபீசில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த மனிதர் போனில் பேசிக்கொண்டே என் விண்ணப்பத்தைக் கையில் வாங்கினார், தலையை ஆட்டினார், என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. போனை வைத்துவிட்டு, “எங்கம்மா கையெழுத்துப் போடணும்?” என்றார். என்னைக் கூரியர் என்று நினைத்திருக்கிறார்.

இந்த அலைச்சலுக்கெல்லாம் எங்கள் தலைமை அலுவலகம் சாப்பாட்டுக் கடைகள்தான். அறையில் காற்றும் வராது, இணையமும் வராது. அதனால் எந்தக் கடையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறதோ அங்கே போய் ஒரு தட்டு நூடுல்ஸ் சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்து, மாலை வரை நகர மாட்டோம். கடைக்காரர்கள் முறைப்பார்கள். முறைத்தால் எங்களுக்கென்ன? கடைசிக் காளான் துண்டு யாருக்கு என்று வரும்போதுதான் உண்மையான சட்டப் போராட்டம் நடக்கும். ஆர்டர் சொன்னது தான் என்பதால் உரிமை தனக்கே என்பாள் அவள். தட்டின் இந்தப் பக்கம் நெடுங்காலமாக என் அனுபவத்தில் இருக்கிறது, யாரும் இதுவரை தடுக்கவில்லை என்பேன் நான். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்த்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். வாதம் முடிவதற்குள் சர்வர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனதும் உண்டு.

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். அம்மாவின் அண்ணன். குளியலறைச் சாமான் விற்கிற பெரிய கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாசலில் நுழைந்ததும் வரிசையாக வாஷ்பேசின்கள், உள்ளே போகப் போகக் கழிப்பறைப் பீங்கான்கள், அத்தனைக்கும் நடுவே கல்லா. அந்தக் கல்லாவில் என்னை உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வக்கீலுக்குப் படித்த பெண் கல்லாவில் இருந்தால் வருகிறவன் பேரம் பேசப் பயப்படுவான் என்பது அவர் கணக்கு. கெட்டவர் இல்லை, என் மேல் பாசம் கொட்டிக் கிடக்கிறது. அதுதான் பிரச்சினையே. பாசத்தோடு வருகிறவரை எப்படி விரட்டுவது?

அம்மாவுக்கு நான் வக்கீலாக வேண்டும். ஆனால் மாமா வாய் திறந்தால் அம்மா மூடிக்கொள்வாள், அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி எழுந்து உள்ளே போய்விடுவாள். சின்ன வயதில் அப்பாவை இழந்து அண்ணன் கையில் வளர்ந்தவள். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி எனக்காக அந்த மாதம் முடியும்வரை தவணை வாங்கியிருந்தாள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மாமா காரை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அப்புறம் ஆயுளுக்கும் நான் கழிப்பறைகளுக்கு நடுவில்தான்.

மாதம் முடிகிற வாரத்தில் போன் வந்தது. ஊரே மரியாதையாகச் சொல்லும் ஒரு சீனியர் வக்கீலம்மா. அவருக்கு ஒரு ஜூனியர் வேண்டுமாம், வெள்ளிக்கிழமை மதியம் கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற மாடி உணவகத்துக்கு வரச் சொன்னார்கள். நான் கட்டிலின் மேல் ஏறிக் குதித்தேன். என்ன ஏது என்று கேட்காமலே ஆட்சேபணையும் ஏறிக் குதித்தாள். குதித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது. அதே குரல், அதே வெள்ளிக்கிழமை, அதே மாடி. இரண்டு பேரும் கட்டில் மேல் நின்றபடியே ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரே ஒரு வேலை. எங்கள் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அவளுக்கும் இது சும்மா இல்லை. வேலை கிடைக்காவிட்டால் அவள் அக்கா வீட்டு ஹாலில் இருக்கும் சோபாவுக்குத் திரும்ப வேண்டும். அத்தான் அந்தச் சோபாவில் உட்கார்ந்துதான் டிவி பார்ப்பார், அவர் எழுந்து போகும்வரை இவள் படுக்க முடியாது. யாருக்குக் கிடைத்தாலும் மற்றவள் அழக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டோம். அவள் அப்போதே அழுதுவிட்டாள். முன்கூட்டி அழுவதை ஒப்பந்தம் தடுக்கவில்லை என்றாள்.

வெள்ளிக்கிழமை கோட்டுகளுக்கு விடிவு காலம் பிறந்தது. உணவகத்தில் அந்த நேரத்தில் நிற்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் கறுப்புக் கோட்டுகள், கேஸ் கட்டுகளுக்கு நடுவே சூப் கிண்ணங்கள். சீனியர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைத்த முடி, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, கோட்டு நாற்காலி முதுகில். சூப் தெரியாத அளவுக்கு மிளகுத்தூளைத் தூவிக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னார். எங்களைக் கேட்காமலே எங்களுக்கும் சூப் சொன்னார். மதியத்துக்கு மேல் தனக்குக் கோர்ட் இருக்கிறது, இழுத்தடிக்க நேரமில்லை என்றார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

“எனக்கு ஒரு வழக்கம் இருக்கு. தன்னப் பத்திப் பெருமையா பேச எல்லாருக்கும் வரும். வக்கீல் வேல அது இல்ல. நீ அவளுக்காகப் பேசு, அவ உனக்காகப் பேசட்டும். யாரோட கட்சிக்காரி ஜெயிக்கிறாளோ, அந்தக் கட்சிக்காரிக்கு வேல.”

நான் மெல்லக் கையைத் தூக்கி, நன்றாகப் பேசுகிற வக்கீலுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.

“கட்சிக்காரி ஜெயிச்ச சந்தோஷம்” என்றார் அந்த அம்மா, சிரிக்காமல்.

யோசித்துப் பாருங்கள். நான் எவ்வளவுக்கு நன்றாகப் பேசுகிறேனோ அவ்வளவுக்கு எனக்கு வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை. மாமா ஞாபகம் வந்தது, வாஷ்பேசின்கள் வரிசையாக வந்து போயின. அந்த நிமிஷமே முடிவெடுத்துவிட்டேன். ஒப்புக்கு நாலு வார்த்தை. நல்ல பெண், உழைப்பாளி, நன்றி வணக்கம், முடிந்தது கதை. ஆட்சேபணையும் அதையேதான் செய்வாள், அவள் என்ன முட்டாளா? யார் அதிகம் சொதப்புகிறார்கள் என்பதுதான் போட்டி. சொதப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

முதலில் அவளைப் பேசச் சொன்னார் சீனியர். அவள் எழுந்து நின்றாள். உணவகத்தில், சூப்புக்கு முன்னால், எழுந்தே நின்றாள்.

பேச ஆரம்பித்தாள் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடுதியில் ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ஆம்லெட் போட்டுப் பிடிபட்டாள், அவளை வெளியேற்றப் போனார்கள். அன்று நான் விடுதி விதிகளை முழுக்கப் படித்து, எச்சரிக்கை கொடுக்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது என்று வார்டனிடம் நின்று வாதாடி அந்தப் பெண்ணைக் காப்பாற்றினேன். அதையெல்லாம் நானே மறந்துவிட்டேன். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். யாருக்காவது அநியாயம் நடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்றாள். எந்தப் பாதகி தனக்கு வருகிற வேலையை இப்படிக் கூப்பிட்டு அடுத்தவளுக்குக் கொடுப்பாள்? எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, நறுக்கென்று கிள்ளவும் வேண்டும்போல இருந்தது.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் கதை வேறு. போகிற போக்கில் ஒன்று சொன்னாள். நான் எந்த இடத்துக்கும் தாமதமாகப் போனதே இல்லையாம்.

என் காது விறைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பொய் சொல்கிறார்! அதுவும் இவ்வளவு ஓட்டையான பொய். ஐந்து வருஷம் படித்த படிப்பெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. என் முறை வந்ததும் நானும் எழுந்தேன். நாலு வார்த்தையில் முடிக்கிற திட்டம் காற்றில் பறந்தது. எதிர்த்தரப்பு வக்கீலைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றேன். சீனியர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தலையசைத்தார்.

“கடைசிப் பரீட்சை அன்னிக்கு உங்க கட்சிக்காரிக்கு அலாரம் வெச்சது யாரு?”

“நான்” என்றாள் ஆட்சேபணை.

“அத அணைச்சுட்டு மறுபடி தூங்கினது?”

“அவ.”

“மூஞ்சில தண்ணி ஊத்தி எழுப்பி, ஆட்டோ பிடிச்சு ஏத்திவிட்டது?”

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். “ஏய், என்னடி பண்ற?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கேள்விக்குப் பதில் சொல்லும்படி சாட்சிக்கு உத்தரவிட வேண்டும் என்று நான் சீனியரிடம் கேட்டுக்கொண்டேன். சீனியர் உத்தரவிட்டார். “நான்தான்” என்றாள், ஏதோ கொலையை ஒப்புக்கொள்கிற மாதிரி.

விட்டேனா நான்? என் கட்சிக்காரி இல்லாவிட்டால் அந்த எதிர்த்தரப்புக் கட்சிக்காரி பரீட்சையே எழுதியிருக்க மாட்டாள், இன்று இந்த மேசையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று பிடித்தேன். அந்தப் பெண்ணுக்குச் சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாது, மழை வந்தால் குடையை மறப்பாள், வெயில் வந்தால் அதைத் தேடுவாள் என்றேன். அவளை நம்பிக் கேஸ் கட்டைக் கொடுத்தால் கட்டு பஸ்ஸில் போகும், அவள் நடந்து வருவாள் என்றேன். பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. சர்வர் கையில் நாலு தட்டோடு நின்றுவிட்டார், எந்தத் தட்டு எந்த மேசைக்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தக் குரல்? நான் சொல்வது எனக்கே புதிதாக இருந்தது, அடுத்த வார்த்தை என்ன என்று நானே ஆவலாகக் காத்திருந்தேன்.

அப்புறம் சிரிப்பு அடங்கட்டும் என்று கொஞ்சம் நின்றேன். என் கட்சிக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வந்தேன். மூன்றாம் வருடத்தில் ஒரு பேராசிரியர் ஒரு தீர்ப்பைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்தார். தவறு என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை, மார்க் அவர் கையில் இருந்தது.

“இவ மட்டும் எந்திரிச்சா மேடம். வகுப்பே சிரிச்சுது. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். காதெல்லாம் செவந்து போச்சு, ஆனா அவ உக்காரல. அவர் புத்தகத்தத் தொறந்து பாத்து ஒத்துக்கற வரைக்கும் நின்னா. உங்களுக்கு ஜூனியர் எதுக்கு? நீங்களே தப்பு பண்ணா, எந்திரிச்சு நிக்க ஒரு ஆள் வேணும். அது இவதான்.”

மாடியில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரோ கரண்டியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. சீனியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் யாருக்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எதிர்த்தரப்புக்கு எதிராக என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

சீனியர் வாயைத் துடைத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “கேஸ் உன் பக்கம். உன் கட்சிக்காரி ஜெயிச்சுட்டா.” ஆட்சேபணை பக்கம் திரும்பி, திங்கட்கிழமை காலையில் சேம்பருக்கு வந்துவிடச் சொன்னார்.

ஐயோ, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்சேபணையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். சர்வரின் கையைக் குலுக்கினேன், தட்டு ஒன்று சரிந்தது, அவரும் சந்தோஷமாகவே பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாத வக்கீல்களெல்லாம் என் தோளைத் தட்டினார்கள். ஆட்சேபணை மட்டும் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, தெருவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“ஜெயிச்சுட்டேம்மா.”

“வேல கெடச்சிருச்சா?” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

“கெடச்சிருச்சும்மா, என் கட்சிக்காரிக்கு…”

அங்கேயே வாய் நின்றது. பஸ் ஒன்று என்னை உரசுகிற மாதிரி போயிற்று. கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள், சாலை அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்! சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், சூப்பில் தொடங்கிக் குறுக்கு விசாரணை வரை. போனுக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல் கேட்டது. அவர் காலையிலேயே அம்மா வீட்டுக்கு வந்து காத்திருக்கிறார். என்னவாம், வேலை இல்லையாமா, அப்படியானால் வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்டார். கார்ச் சாவியைக் கையில் ஆட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

அம்மா அவரை விட்டுவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீ பேசினத எல்லாரும் கேட்டாங்களா?”

“சாப்பிடறத நிறுத்திட்டுக் கேட்டாங்கம்மா.”

அந்தப் பக்கம் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உள்ளே போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியில் எதையெதை எடுத்து வைப்பது என்று மனசுக்குள் யோசிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

“அண்ணா, வண்டிய எடுக்க வேணாம்” என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, மாமாவிடம். “அவ வரல.”

அம்மா தன் அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் ஏதோ ஆரம்பித்தார், வேலையே இல்லாமல் பெண்பிள்ளை அங்கே என்ன செய்யும், எத்தனை நாள் பார்ப்பது என்று குரல் உயர்ந்தது. எனக்குப் பழக்கமான குரல்தான். அந்தக் குரல் இப்படி உயர்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

“நான் இன்னும் பேசி முடிக்கல அண்ணா” என்றாள் அம்மா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “உக்காருங்க.”

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. மாமா உட்கார்ந்துவிட்டார்! நான் நடைபாதையில் நின்றபடியே ஒரு குதி குதித்தேன். மாடிப்படியில் ஆட்சேபணை மூக்கைச் சிந்திக்கொண்டே ஓடி வந்து, என்னடி ஆயிற்று என்று கேட்டாள். பேசாதே என்று சைகை காட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டேன். நாங்கள் இருவரும் தலையோடு தலை ஒட்டி நின்று, அம்மா எனக்காகப் பேசியதைக் கடைசி வரை கேட்டோம்.